ரிவர்ஸ் கியரில் வந்த பாட்டு

போன வாரம் அம்மாவின் கையிலிருந்து சூப் கரண்டி நழுவி விழுந்ததோடு நாம் பிரிந்தோம். அந்தக் கரண்டி இன்னும் முகாம் சமையலறை அடுப்புக்குக் கீழேதான் கிடக்கிறது. குனிந்து எடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு நிமிடம். ஏரிக்கரையில் நான்கு சபைகளின் வாலிபர்கள் கூடியிருக்கிற கோடை முகாம் இது. அம்மாவுக்கு அங்கே சமையல் பொறுப்பு. அவளுடைய ஒரே மகளை முகாமில் எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொட்டிலில் கிடந்தபோது அவள் அழுத சத்தத்தைக் கேட்டு அப்பா வைத்த பெயர் அது. அந்தப் பெயருக்கு அவள் இன்றுவரை எந்தக் குறையும் வைக்கவில்லை. கொயரை நடத்துகிறவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், அதாவது டமாரத்தின் மாமா. அப்பா குப்பை லாரி ஓட்டுகிறார்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டமாரம் பிறப்பதற்கு முந்திய கதை அது. அப்போது அப்பா கொயரில் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு, ஆசை ஆசையாகக் கொண்டுபோய்ப் பாடிக் காட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு அத்தனை பேர் முன்னாலும், "இதைத் தெருவுல போறவன்கூட முணுமுணுக்க மாட்டான்" என்றார்.

அப்பா கொயர் அங்கியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தவர், அந்தச் சர்ச் வாசலை அதற்கப்புறம் மிதிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருடைய லாரியின், குப்பை வண்டி வருவதைத் தெருவுக்குப் பாடிச் சொல்லும் ட்யூன் பெட்டி மழையில் நனைந்து கெட்டுப்போனது. புதுப் பெட்டியில் என்ன ட்யூன் பதிவது என்று டிப்போவில் கேட்டார்கள். அப்பா வீட்டிலிருந்த சின்ன கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பெட்டியில் அவர் மெட்டின் பல்லவிக்குத்தான் இடமிருந்தது. அந்தப் பல்லவியைத் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போனார் மனுஷன். ஊரில் பாதிப்பேர் பல் தேய்க்கும்போது அதை முணுமுணுத்தார்கள். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

அந்த மெட்டுதான் போன வாரம் முகாம் மண்டபத்திலிருந்து, மெதுவாக, இழுத்து, பெற்ற மகளின் குரலில் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கரண்டி விழாமல் என்ன செய்யும்?

இனி இன்றைய பொழுதுக்குள் போவோம்.

காலைத் தியானம் முடிந்த மணி அடித்து ஓயுமுன் டமாரம் சமையலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். பின்னாலேயே அவள் தோழி கண்ணாடி வந்தாள். கண்ணாடிதான் கீபோர்டு வாசிக்கிறவள். அவள் மூக்கில் கண்ணாடி இல்லாத நேரத்தை யாரும் பார்த்ததில்லை.

"அம்மா! கடைசி ரெண்டு பாட்டுல என்னுது ஒண்ணு! இன்னிக்கு சாயங்காலம் முடிவு! ஞாயித்துக்கிழமை நாலு சபையும் சேர்ந்து பாடப்போற பாட்டு, வருஷம் பூரா பாடப்போற பாட்டு, அம்மா, என்னோடதா இருக்கலாம்!"

"கத்தாத. பால் பொங்குது."

"பொங்கட்டும்! எனக்கும்தான் பொங்குது!"

அம்மா அடுப்பைக் குறைத்தாள். டமாரம் உருளைக்கிழங்குச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் தாளம் தட்ட ஆரம்பித்தாள். கிழங்குகள் நாலாபக்கமும் உருண்டன. கண்ணாடி அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

*விடியும் முன்னே வருபவரே - எங்கள்*
*வாசல் வந்து நிற்பவரே*
*சுமக்க முடியாச் சுமையெல்லாம் - எங்கள்*
*கையில் இருந்து எடுப்பவரே*

ஒவ்வொரு வரிக்கும் அம்மா அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். விடியுமுன் வருவது யார், வாசலில் வந்து நிற்பது யார், வீட்டுக்கு வேண்டாததையெல்லாம் வாங்கிக்கொண்டு போவது யார்? பிள்ளை கடவுளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். சந்தேகமில்லை. ஆனால் மெட்டோடு சேர்த்துக் கேட்டால் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் நின்றது ஒரு பச்சை லாரி. சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டையும் அடக்கிக்கொள்ள அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

"இந்த மெட்டு உனக்கு எங்கருந்து வந்துச்சு?"

"தானா வந்துச்சும்மா. ஒருநாள் தலை வாரிக்கிட்டு இருந்தேன், அப்படியே வந்து நின்னுச்சு. ரொம்ப நாளா உள்ளயே இருந்த மாதிரி."

"சின்னப் பிள்ளைங்க ஒரு தடவை கேட்டதும் பிடிச்சுக்கிட்டாங்க ஆன்ட்டி," என்றாள் கண்ணாடி, மேஜைக்கு அடியிலிருந்து. "எங்கயோ கேட்ட மாதிரியே இருக்காம். நல்ல பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு பாஸ்டர் சொன்னார்."

அம்மா வெங்காயத்தை இன்னும் வேகமாக நறுக்கினாள்.

டமாரத்துக்கு நாலு வயது நடக்கும்போது அப்பாவின் லாரியை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் அந்த ட்யூனைக் கேட்டதே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் முகாமின் விதி கறாரானது. வார்த்தையும் மெட்டும் சொந்தமாக இருக்கவேண்டும். இரவல் மெட்டு என்று தெரிந்தால் அத்தனை பேர் முன்னாலும் பாட்டைத் தள்ளிவிடுவார்கள். அன்று அப்பனுக்கு நடந்தது இன்று மகளுக்கு நடக்கும். அதுவும் அதே மாமா நடுவராக உட்கார்ந்திருக்கும்போது.

"ஒரே ஒரு சிக்கல்," என்றாள் டமாரம், தாளத்தை நிறுத்திவிட்டு. "சரணம் வரமாட்டேங்குது. வார்த்தை இருக்கு, மெட்டு இல்ல. பல்லவி முடிஞ்சதும் கதவைச் சாத்தின மாதிரி நிக்குது. முழுப் பாட்டா இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க. மாமா வேற உயிரை வாங்கறாரு."

"என்ன பண்றாரு?"

"மெட்டே இல்லாத சரணத்துக்கு வார்த்தையை மாத்தச் சொல்றாரும்மா! 'நிற்பீர்' வேண்டாம், 'காத்திருப்பீர்'னு போடுங்கறாரு. மூணாவது வரி குட்டையா இருக்கு, நீட்டுங்கறாரு. எதுக்கு மாமான்னு கேட்டா, 'சொன்னதைச் செய்'ங்கறாரு. வாரம் பூரா இதே பாடு."

சொல்லிவிடலாமா என்று அம்மா வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எரிந்த வெளிச்சத்தை ஊதி அணைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"போய்ப் பல்லவியையாவது ஒழுங்காப் பாடிப் பாரு. கிழங்கை நான் பொறுக்கிக்கறேன்."

மகளிடம் சொல்ல முடியாததை அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அம்மா ஒரு டீயோடு மண்டபத்துக்குப் போனாள். மாமா மேடைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கொயரில் அவர் ஒரு விரலைத் தூக்கினால் அறுபது வாய் மூடும். வீட்டில் தங்கையிடம் மட்டும் கொஞ்சம் இறங்கிவருவார்.

"அண்ணா, பிள்ளையோட பாட்டு எப்படி இருக்கு?"

"பாதியில நிக்குது."

"அது தெரியும். நல்லா இருக்கா இல்லையா?"

மாமா டீயை வாங்கி ஊதினார். குடிக்கவில்லை. "ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான்."

"நீ சும்மா கேக்கற ஆள் இல்ல."

அம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. அது உன் மாப்பிள்ளையின் மெட்டு அண்ணா, நீ தூக்கிப்போட்ட மெட்டு. ஆனால் அதைச் சொன்ன நிமிஷமே இவர் எழுந்துபோய் பாட்டை அடித்துவிட்டால்? பழைய கோபத்தைப் பிள்ளை தலையில் இறக்கிவிட்டால்? அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சூப்புக்கு உப்பு போட்டேனான்னு தெரியல" என்று திரும்பிவிட்டாள்.

மாமா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்தது அடுத்த அடி. முகாம் மேனேஜர் சமையலறை வாசலில் தலையை நீட்டினார்.

"அக்கா, ஒரு நல்ல செய்தி! நாலு நாளா நாறிக்கிட்டு இருந்த குப்பைக்கு விடிவு வந்துடுச்சு. இந்தப் பக்கத்து லாரி ரிப்பேராம். டவுன் டிப்போவிலிருந்து வேற லாரி அனுப்பறாங்க. சாயங்காலம் வந்துடும்."

"டவுன் டிப்போவா? யாரு டிரைவர்?"

"அட, நம்ம அண்ணன்தான்! உங்க வீட்டுக்காரர்! அவரே கேட்டு வாங்கிக்கிட்டாராம், பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கும்னு."

அம்மா கையைத் துடைக்காமலேயே போனைத் தேடினாள். அடித்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அப்பா போனைத் தொடமாட்டார். மறுபடி அடித்தாள். பாத்திரம் கழுவிவிட்டு அடித்தாள். ரொட்டி வெட்டிவிட்டு அடித்தாள். கடைசியில் பெட்ரோல் பங்கில் நின்ற நேரத்தில் அப்பா எடுத்தார்.

"என்னாச்சு? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா. நீங்க இங்க வரும்போது ட்யூன் போடாம வாங்க."

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க."

"ட்யூன் போடாம எந்தக் குப்பை லாரி வரும்? ஆம்புலன்ஸ்னு நினைச்சுப் பயந்துடுவாங்க."

"விளையாடாதீங்க! இங்க கூட்டம் நடக்குது. எங்க அண்ணன் இருக்காரு."

அந்தப் பக்கம் டீசல் குழாயைத் திரும்ப மாட்டுகிற சத்தம் கேட்டது.

"ஓ," என்றார் அப்பா. "உங்க அண்ணன் காதுல விழக்கூடாதாக்கும்."

"அது இல்லங்க. வாங்க, நேர்ல சொல்றேன். ட்யூன் மட்டும் வேண்டாம். பிள்ளை மேல ஆணை."

"பிள்ளையை எதுக்கு இழுக்கறே? சரி, சுவிட்சைத் தொடமாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். அப்பா கொடுத்த வாக்கை மீறாதவர். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. ஜன்னல் திட்டில்கூடப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். முகாமை நடத்தும் இளம் பாஸ்டர் மைக்கைத் தட்டினார். சத்தம் அடங்கவில்லை. மாமா ஒரு விரலைத் தூக்கினார். அடங்கியது.

முதலில் நெட்டை பாடினான். இன்னொரு சபைப் பையன். தூணுக்குப் பக்கத்தில் நின்றால் எது தூண் என்று தேடவேண்டும். கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பாடிய பாட்டு பல்லவியும் சரணமும் சேர்ந்து கச்சிதமாக இருந்தது. கைதட்டல் ஓய நேரமானது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்று கண்ணாடி முணுமுணுத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் டமாரம். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் கால் நிற்கவில்லை, தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

அவள் மேடையேறினாள். மைக்கைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு எதற்கு மைக்? கண்ணாடி முதல் சுரத்தைத் தொட்டதுமே பின்வரிசை வரைக்கும் ஒரு சலசலப்பு ஓடியது. இரண்டாம் வரியில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். நான்காம் வரியில் மண்டபமே பாடியது. நெட்டையும் பாடினான், தன்னையறியாமல். சமையலறை வாசலில் நின்ற அம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமையில் அவள் பயத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனாள்.

பல்லவி முடிந்தது. சரணத்துக்கு டமாரம் மூச்செடுத்தாள். கண்ணாடி அவளைப் பார்த்தாள். விரல்கள் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

ஒன்றும் வரவில்லை.

"வார்த்தை இருக்கு பாஸ்டர்," என்றாள் டமாரம். "மெட்டு... இன்னும் வரல."

பாஸ்டருக்கே பாவமாக இருந்தது. "நிதானமா யோசிம்மா. கொஞ்ச நேரம் காத்திருக்கோம். ஆனா இன்னிக்கு முடிவு பண்ணியே ஆகணும்."

மாமா பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பச்சை லாரி கேட்டுக்கு வந்தது. சத்தமே இல்லை. சுவிட்சின் மேல் அப்பா கைக்குட்டையைப் போட்டு மூடியே வைத்திருந்தார், கை தவறிப் பட்டுவிடக்கூடாது என்று. அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று கதவு நிலையில் சாய்ந்தாள்.

பாவம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அந்த லாரியில் ஏறியதில்லை. ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். முகாமுக்குள் வரும் பாதை ஒடுக்கம், உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. அப்பா கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை வளைத்து, பின்பக்கமாக உள்ளே வர கியரை மாற்றினார். ரிவர்ஸ் விழுந்தால் அந்த லாரிக்கு ட்யூன் தானாக வரும். பின்னால் நிற்கிற ஆள் விலகிக்கொள்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டமாரம் கண்ணை மூடிக்கொண்டு சரணத்தைத் தேடிக்கொண்டிருந்த அமைதியில், தகர டப்பாவுக்குள் மணி அடித்த மாதிரி, வேகமாக, கணீரென்று வந்தது பல்லவி.

*டின் டிடின் டின் டிடிடின் டின்...*

மண்டபத்தில் அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"லாரி பாடுது!" என்று ஜன்னலில் தொற்றியிருந்த ஒரு குட்டிப் பெண் அலறினாள். "அக்கா பாட்டை லாரி பாடுது!"

"அப்பா வண்டி!" என்று ஜன்னலுக்கு வெளியே பச்சை லாரியைப் பார்த்து டமாரம் துள்ளினாள். துள்ளிய பிறகுதான் அவள் காதுக்கு விஷயம் எட்டியது.

"ஏய், இது எங்க தெருவுக்கு வர்ற லாரி!" என்று நெட்டை எழுந்தே விட்டான். "அதான் எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு!"

"விடியும் முன்னே வருபவரே!" என்றது ஒரு குரல்.

"வாசல் வந்து நிற்பவரே!" என்றது இன்னொன்று.

"கையில் இருந்து எடுப்பவரே!" என்று மூன்றாவது குரல் வந்தபோது மண்டபம் சிரிப்பில் உடைந்தது. பெஞ்சிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. பாஸ்டர் வேதப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. லாரியோ ஒன்றும் அறியாமல் பாடிக்கொண்டே பின்னால் பின்னால் வந்தது.

லாரி நின்றது. சிரிப்பும் மெல்ல ஓய்ந்தது. நெட்டை கெட்டவனில்லை. மனதில் பட்டதைக் கேட்டான்.

"அப்போ... இது சொந்த மெட்டு இல்லையே?"

டமாரத்தின் முகம் வெளுத்தது.

"நான் எடுக்கல," என்றாள். மைக் தேவைப்படாத அந்தக் குரல் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. "சத்தியமா நான் எங்கயும் எடுக்கல."

"எடுக்கல!" அம்மா நடுவழியே வந்துகொண்டிருந்தாள், ஏப்ரனோடு, கையில் ரொட்டிக் கத்தியோடு. பிள்ளைகள் பதறி வழிவிட்டார்கள். "இவ நடக்கறதுக்கு முந்தியே கேட்ட ட்யூன் அது. லாரி தெருமுனைக்கு வரும்போதே ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிப்பா. அது கேட்டாத்தான் சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பா. இவளுக்கு ஞாபகமில்ல. எனக்கு ஞாபகமிருக்கு."

வாசலில் கையுறையோடு அப்பா நின்றார். தான்தான் கூட்டத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க பாஸ்டர். ரிவர்ஸ் போட்டா அது தானாப் பாடும். நிறுத்த வழியில்ல."

"அண்ணா, அந்த ட்யூன் யார் போட்டது? உங்களுக்குத் தெரியுமா?" என்று பாஸ்டர் கேட்டார்.

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் பின்னந்தலையைப் பார்த்தார். அந்தத் தலை திரும்பவில்லை. அப்பா கையுறைகளைக் கழற்றினார்.

"நான் போட்டது," என்றார்.

"அப்பா?" என்றாள் டமாரம்.

"அப்போ இது குடும்பச் சொத்து!" என்றார் பாஸ்டர். அவருக்கு நிம்மதி தாங்கவில்லை. "வார்த்தை மக, மெட்டு அப்பா. ரெண்டும் சொந்தந்தான். நெட்டை, உனக்குச் சரியா?"

"டபுள் சரி," என்றான் நெட்டை.

"ஆனா முழுப் பாட்டா வேணும். அண்ணா, மீதி இருக்கா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சு. பெட்டியில இடம் இல்லாததால இவ்ளோதான் பதிஞ்சேன். தினமும் இதையே கேட்டுக் கேட்டு... மீதி மறந்துபோச்சு. எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். வரல."

டமாரத்துக்கு அழுகை முட்டியது. பாட்டு தோற்கப்போகிறதே என்றல்ல. அப்பா அப்படித் தலைகுனிந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான் மறக்கல," என்றார் மாமா.

அவர் எழுந்து திரும்பினார். ஒருவரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், அன்று மூடிக்கொண்ட மாதிரியே. பாடினார்.

*திறக்கும் வரையில் திரும்பிப் போகாமல்*
*பெயரைச் சொல்லிக் காத்திருப்பீர்*

டமாரத்தின் வார்த்தைகள். ஒரு எழுத்து தொங்கவில்லை, ஒரு எழுத்து இடிக்கவில்லை. டப்பாவும் மூடியும் போல உட்கார்ந்தன. 'காத்திருப்பீர்' என்ற இடத்தில் மெட்டு மேலே ஏறி, நின்று, இறங்கியது. 'நிற்பீர்' என்று இருந்தால் அந்த ஏற்றத்துக்கு ஆளே இருந்திருக்காது. வாரம் பூரா மாமா ஏன் உயிரை வாங்கினார் என்பது டமாரத்துக்கு அந்த இடத்தில் புரிந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*மறந்து போன மகனையும் கூட*

மூன்றாவது வரியில் வாசல் பக்கமிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. கரகரப்பான குரல், வருஷக்கணக்கில் டீசல் புகை குடித்த குரல். முதல் குரலுக்கு ஒரு படி கீழே வந்து பிடித்துக்கொண்டது. அவர் மெட்டை மறந்திருந்தார். மாமாவின் குரலுக்குக் கீழே தன் இடம் எது என்பதை மறக்கவில்லை.

*மறவா அன்பால் தேடி வந்தீர்.*

அப்பா பாடி டமாரம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், பெயருக்கேற்றபடி ஒரு கூச்சல் போட்டாள். மண்டபமும் சேர்ந்து போட்டது. கண்ணாடி கீபோர்டில் பாய்ந்தாள், நெட்டை கிதாரோடு மேடையில் தாவினான், பல்லவியும் சரணமுமாக மூன்று தடவை பாடியும் யாருக்கும் போதவில்லை. எந்தப் பாட்டு என்று பாஸ்டர் அறிவிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அந்த ஆரவாரத்தில் அம்மா அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு."

"முதல் வரியிலயே."

"இவ்ளோ ஞாபகம் வெச்சுக்கிட்டு, அன்னிக்கு ஏன் அண்ணா அப்படிச் சொன்னே?"

மாமா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்றேன். ஆனா உங்கிட்ட மட்டும் சொல்ல முடியாது, அவரும் இருக்கணும். இங்க இல்ல. அன்னிக்கு நாங்க நின்ன அதே இடத்துல."

அப்பா அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிகளை லாரியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். டமாரம் ஓடிப்போய் முதுகில் கட்டிக்கொண்டாள். "அழுக்குடா, அழுக்கு," என்றார். அவள் விடவில்லை.

மாமா லாரிவரைக்கும் நடந்து வந்தார். டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாப்பிள்ளை."

அந்த வார்த்தையைக் கேட்டு அப்பாவின் கை தொட்டியோடு அப்படியே நின்றது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டாம் குரலுக்கு ஆள் இல்ல."

அப்பா தொட்டியைக் கீழே வைத்தார். மூடியைச் சரியாகப் பொருத்தினார். கொக்கியை மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி, மச்சான்," என்றார்.

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். என்ஜின் உறுமியது.

"வருவாரா மாமா?" என்று டமாரம் கேட்டாள்.

"உங்கப்பனுக்கு ரோஷம் ஜாஸ்தி," என்றார் மாமா. "என்னைவிட ஒரு பிடி கூடத்தான்."

லாரியின் மூக்கு வெளியே பார்த்துத்தான் நின்றது. நேராக விட்டால் ரோடு. அதற்குள் அம்மாவும் வந்து சேர்ந்திருந்தாள்; கேட்டைத் தாண்டும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தாண்டிய லாரி நின்றது. பின்னால் வர அதற்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனாலும் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. லாரி ஒரு அடி, ஒரே ஒரு அடி, பின்னால் வந்தது.

*டின் டிடின் டின் டிடிடின் டின்...*

பெட்டியில் பதிந்திருந்தது பல்லவியோடு முடிந்தது. மீதியை டிரைவர் ஜன்னலிலிருந்து அப்பா பாடினார்.